ஓல் ஊர்ப் பேச்சில் ஒரு கன்ட்ரி ராக்

அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியும் ராக்கும் கலந்த பாடல்களுக்குப் பெயர்பெற்ற நார்வேயின் ஹெல்பில்லீஸ் இசைக்குழுவைப் புதிதாகக் கேட்பவரை முதலில் ஈர்ப்பது லார்ஸ் ஹோவார்ட் ஹௌகனின் மின்கிதார். அவருடைய சகோதரர் ஆஸ்லாக் பாடத் தொடங்கியதும் கவனம் முழுவதும் குரலுக்குப் போய்விடுகிறது. அவர் பாடுவது தலைநகர் ஆஸ்லோவின் நார்வேஜியன் அன்று. ஹாலிங்டால் பள்ளத்தாக்கில், ஆஸ்லோவிலிருந்து பெர்கன் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஓல் என்னும் சிற்றூரின் பேச்சு.

அவ்வூரில் 1990இல் உருவான இக்குழு, தொடக்கத்தில் அமெரிக்கப் பாடல்களின் மெட்டுகளுக்கு ஹாலிங்டால் வழக்கில் வரிகள் எழுதிப் பாடியது. பிறகு சொந்தப் பாடல்கள் பெருகின. அவற்றுள் பலவற்றை எழுதியவர் குழுவில் இருந்த ஆர்னே மூஸ்லோட்டன். மலையில் இடிந்து கிடக்கும் ஒரு கற்குடிசையைப் பற்றிய பாடலைக் கேட்கும்போது, அமெரிக்க கன்ட்ரி இசையின் களங்களான டெக்சாஸும் நாஷ்வில்லும் எங்கோ விலகிப்போய், அந்த மெட்டே அப்பள்ளத்தாக்கில் பிறந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

இது வெறும் ஊர்ப்பற்றால் வந்த வெற்றி என்று நான் கருதவில்லை. நார்வேயில் பேச்சுக்கென்று அரசு வகுத்த பொதுமொழி கிடையாது. பூக்மோல், நீநொர்ஸ்க் ஆகிய இரண்டும் எழுத்து வடிவங்களே. பிள்ளைகளுக்கு இயன்றவரை அவர்களுடைய சொந்தப் பேச்சிலேயே கற்பிக்க வேண்டும் என்று 1878இலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானித்தது. நீநொர்ஸ்க்கும், மொழியறிஞர் ஈவர் ஓசன் 1840களில் ஊர் ஊராகச் சென்று திரட்டிய வட்டார வழக்குகளின் மேல் எழுப்பப்பட்டதுதான். ஆகவே வட்டாரப் பேச்சில் பாடினால் அது நகைச்சுவைக்காகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அங்கே எழுவதில்லை. பாடகர் ஓகே அலெக்சாண்டர்சன் 1970களிலேயே நாம்சோஸ் பகுதிப் பேச்சில் ராக் பாடி வழியைத் திறந்திருந்தார்.

ஹாலிங்டால் பேச்சின் தொன்மையும் சாதாரணமானதன்று. ஓரிடத்துக்குப் போவதையும் அங்கேயே இருப்பதையும் பெயர்ச்சொல்லின் ஈற்றை மாற்றிக் காட்டும் பழைய வேற்றுமை முறை, இரண்டு எழுத்து வடிவங்களிலிருந்தும் மறைந்த பின்னரும், அப்பள்ளத்தாக்கின் முதியோர் பேச்சில் நீடித்து வந்தது. இப்படிப்பட்ட பேச்சைத் தேய்த்து மழுப்பாமல் மின்கிதாரோடு பாடி, அதை நாடு முழுவதும் விரும்பிக் கேட்க வைத்ததைத்தான் நான் இக்குழுவின் பெரும் சாதனையாக மதிக்கிறேன். கேட்க விரும்புபவர்கள் 1996இல் வெளிவந்த 'டிராக்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.