இருவாழ்வின்னா என்னா?

போன வாரம் பினாங்குல எங்க ஜெலுத்தோங்ல விடாத மழை. சின்னவ பயிற்சிப் புத்தகத்தை தூக்கிட்டு வந்து, "ப்பா, முதலை நிலநீர்வாழிதானே, ஏன் டீச்சர் தப்பு போட்டாங்க"ன்னு கேட்டா. எனக்கும் சட்டுன்னு சரின்னுதான் பட்டுச்சு, கரையிலயும் கெடக்கு தண்ணியிலயும் கெடக்கு, வேற என்னா வேணும்? பக்கத்து வீட்டு மக்சிக்கை, அதான் மலாய்க்கார அம்மாவை, கேட்டா தவளை, ஆமை, முதலை எல்லாத்தையும் சேர்த்து 'துவா ஆலாம்', ரெண்டு உலகத்து பிராணி, சாப்பிடக்கூடாதுன்னுதான் சொல்வாங்க.

ஆனா மலாய்லயே அறிவியல் பாடத்துல 'அம்ஃபிபியா'ன்னு தனியா ஒரு சொல்லு இருக்கு. கிரேக்கத்துல இருந்து வந்தது, அம்ஃபின்னா ரெண்டு பக்கமும், பியோஸ்னா வாழ்க்கை. கவனிங்க, எடம் இல்ல, வாழ்க்கை. நம்ம நிலநீர்வாழிங்கிற சொல்லு எடத்தை மட்டும் சொல்லுது, அதான் முதலையும் உள்ள பூந்துடுது. இருவாழ்வின்னு இன்னொரு சொல்லு இருக்கே, ரெண்டு வாழ்க்கை வாழறதுன்னு, எனக்கு அதான் பிடிச்சிருக்கு.

பந்தாய் கெராச்சுட் கடற்கரையில முட்டையை ஒடைச்சிட்டு வர்ற ஆமைக்குஞ்சு அப்பவே குட்டி ஆமைதான், மொத நாள்லயே நுரையீரல்ல மூச்சு விடும், முதலைக்குஞ்சும் அப்படித்தான். தலைப்பிரட்டை கதை அப்படி இல்ல. செவுள்ல மூச்சு, பாசிய சொரண்டி தின்னும், கொடலு நீளமா சுருண்டு கெடக்கும். அப்பறம் காலு மொளைக்கும், வாயே வேற வாயா மாறும், கொடலு சுருங்கும், வாலு ஒடம்புக்குள்ளயே கரைஞ்சு போகும், அந்த சமயத்துல அது ஒண்ணும் திங்கறதும் இல்ல, பூச்சி புடிக்கிற தவளையா வெளிய வருது. தவளை தண்ணிக்கு இழுக்குது ஓணான் மேட்டுக்கு இழுக்குதுன்னு சொல்வாங்களே, அது ரெண்டும் ஒரே ஒடம்புக்குள்ள.

(பாக்காவ் காட்டுல, அதான் கடலோர சதுப்புக் காட்டுல, நண்டு திங்கிற தவளை ஒண்ணு இருக்கு, உப்புத்தண்ணியையும் தாங்கும், அதோட தலைப்பிரட்டை இன்னும் அதிகமாவே தாங்கும். தவளைக்கு உப்பு ஆகாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.)

இதெல்லாம் சொல்லிட்டு இருக்கறப்பவே சின்னவ என்னை பின்கட்டுக்கு இழுத்துட்டு போனா. லோங்கான் ஓரம், அதான் சாக்கடை ஓரம், மழைத்தண்ணி நெறஞ்ச பழைய பெயிண்ட் வாளி, உள்ள ஏழெட்டு கறுப்பு தலைப்பிரட்டை. ஒண்ணுக்கு மட்டும் நாலு காலும் வந்தாச்சு, வாலு பாதி மிச்சம், மேல வந்து வந்து மூச்சு வாங்குது, வாளியோட வழவழ செவுத்துல கால் வைக்கவே முடியல. செவுள் போன பிறகு ஏறி ஒக்கார எடம் இல்லன்னா தவளையும் தண்ணியில மூழ்கி செத்துடும்னு சொன்னதும் அவ ஓடிப்போய் செங்கல்லு ஒண்ணு கொண்டாந்தா. சாய்ச்சு வச்சோம். காலையில பாத்தா செங்கல்லு மேல ஈரம் மட்டும் இருந்துச்சு.