இன்னும் எத்தனை வாரத்துக்கு வேலை இருக்கு?

மெர்ச்சன்டைசர் என்றால் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்பவர். அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பையர் சொல்லும் நல்லது கெட்டது எல்லாம் முதலில் நம் மெயிலுக்குத்தான் வரும். முதலாளியிடம் நாம் போய்ச் சொல்ல வேண்டும். தையல் செக்ஷனில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். 2008இல் நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் இந்த வேலையில் இருந்தேன். அந்த வருடக் கடைசியில் எனக்கு வந்த பயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது எங்கள் ஆபீஸ் பையன்கள் முகத்தில் அதே பயத்தைப் பார்த்தேன். இனித் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

செப்டம்பரும் அக்டோபரும் எங்களுக்கு முக்கியமான மாதங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அடுத்த கோடைக்கு விற்க வேண்டிய டி-ஷர்ட் ஆர்டர்கள் பெரும்பாலும் அப்போதுதான் உறுதியாகும். அந்த நேரம் பார்த்து, 2008 செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. அக்டோபரில் அமெரிக்காவின் மெர்வின்ஸ் என்ற துணிக்கடைத் தொடர் தன் கடைகள் எல்லாவற்றையும் மூடப்போவதாக அறிவித்தது. நவம்பரில் இங்கிலாந்தின் வூல்வொர்த்ஸ் கடைத் தொடர் விழுந்தது. 2009 ஜனவரி முதல் வாரத்துக்குள் அதன் 800க்கும் மேற்பட்ட கடைகளும் மூடப்பட்டுவிட்டன. நாங்கள் இவர்களுக்குத் தைக்கவில்லை. ஆனால் எங்கள் பையரும் அதே தெருக்களில் கடை வைத்திருப்பவர்தானே.

எங்களுக்கு வந்த மெயிலில் கேன்சல் என்று எழுதியிருக்கவில்லை. ஆர்டரை ஹோல்டில் வையுங்கள், அடுத்த வாரம் சொல்கிறோம் என்று இரண்டே வரி. அதற்குள் நூல் வாங்கியாகிவிட்டது. பாதி நூல் நிட்டிங் முடிந்து டையிங் யூனிட்டில் துணியாகக் கிடந்தது. தையலை ஆரம்பிக்கும் முன் பையருக்கு அனுப்பும் மாதிரிக்கு, அதாவது பி.பி. சாம்பிளுக்கு, அப்ரூவல் மட்டும் வரவேண்டும். அடுத்த வாரமும் அதே மெயில்தான் வந்தது. கேன்சல் என்றால் அழுதுவிட்டு வேறு பையரைத் தேடலாம். ஹோல்டில் ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் முடியும்.

ஊர் நிலைமையும் சரியில்லை. 2008 தொடக்கத்தில் 39 ரூபாயாக இருந்த டாலர் வருடக் கடைசியில் 49 பக்கம் போயிருந்தது. ஏற்றுமதிக்கு அது நல்லதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆர்டர் இருந்தால்தானே நல்லது? போதாததற்கு, டாலர் விலை ஏறி இறங்குவதை வைத்து வங்கிகள் விற்ற சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் மாட்டிக்கொண்டு பல ஏற்றுமதியாளர்கள் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். மின்வெட்டு வேறு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றித் தைக்க வேண்டும். எங்கள் ரோட்டில் கம்பெனிக்குக் கம்பெனி கேட்டில் தொங்கும் ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை’ போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் போர்டுகள் இல்லாத ரோட்டைப் பார்த்ததில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து மெயில் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. நெஞ்சு படபடக்கும், சாப்பாடு இறங்காது. வீட்டுக் கடனுக்குத் தவணை போய்க்கொண்டிருந்தது, மகனை அந்த ஜூனில்தான் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஒருநாள் இடது கை மரத்த மாதிரி இருக்கவே டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. நார்மல். அவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, “பனியன் கம்பெனிங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இந்த மாசம் உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க. இருதயம் நல்லா இருக்குது. வீட்ல சொல்லியாச்சுங்களா?” என்றார். மாத்திரை ஒன்றும் எழுதித் தரவில்லை.

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “ஏனுங்க, சம்பளம் நின்னா எத்தனை மாசம் ஓட்டலாம்னு கணக்குப் போட்டீங்களா?” போட்டிருக்கவில்லை. தவணை, ஸ்கூல் ஃபீஸ், அரிசி பருப்பு, அம்மாவின் மருந்து, நடுவில் நிறுத்த முடியாத ஏலச்சீட்டு என்று வரிசையாக எழுதினாள். நகையைத் தொடாமல் நான்கு மாதம். நகையை அடகு வைத்தால் இன்னும் சில மாதம். அப்போதிருந்த விதிப்படி வேலை போய் இரண்டு மாதம் சும்மா இருந்தால் பி.எஃப். பணத்தை எடுக்கலாம் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டோம். கையில் பணம் கூடிவிடவில்லை. ஆனால் நான்கு மாதம் என்று எழுதிப் பார்த்தபிறகு அந்தப் பயம் ஓர் அளவுக்குள் வந்தது. அதுவரை அதற்கு எல்லையே இல்லாமல் இருந்தது.

ஆபீசில் மட்டும் அப்படியே இருந்தது. டீ டைமில் பேக்கரிக்குப் போனால் இன்ன கம்பெனி மூடிட்டாங்களாம், இன்னாரை நிறுத்திட்டாங்களாம் என்ற பேச்சுதான். நான் உள்ளே போனால் செக்கிங் டேபிளில் பேச்சு நின்றுவிடும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சாம்பிள் ரூம் வழியாகச் சுற்றிப் போவேன். எனக்கு இருந்த பாதிப் படபடப்பு என் வேலையைப் பற்றியதே இல்லை, இந்த மறைப்பைப் பற்றியது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் புரொடக்ஷன் மேனேஜரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கட்டிங்கில் ஆரம்பித்து மேலே வந்தவர். நவம்பர் கடைசியில் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, “தம்பி, ஒளிக்காமச் சொல்லு. கையில இருக்கிற ஆர்டர் எத்தனை வாரத்துக்கு வரும்?” என்றார். மூன்று வாரம் என்றேன். நேரே என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போய், இதை ஆட்களிடம் சொல்லப்போகிறேன் என்றார். முதலாளி நல்ல மனிதர், ஆனால் பயந்தார். “சொன்னா நாளைக்கே பாதிப் பேர் வேற கம்பெனி பாத்துப் போயிருவாங்க மாஸ்டர்.” அதற்கு மாஸ்டர், “இப்பவே பேக்கரியில நாம மூடப்போறோம்னுதான் பேசிக்கிறாங்க. சொல்லாம இருந்தாத்தான் போவாங்க” என்றார்.

சனிக்கிழமை சம்பள நாள். கவர் வாங்க வரிசையில் நின்றவர்களைக் கட்டிங் டேபிள் பக்கம் கூப்பிட்டார்.

“மூணு வாரத்துக்கு வேலை இருக்குதுங்க. அதுக்கு மேல பையர் இன்னும் சொல்லல. திங்கக்கிழமையிலிருந்து ஒன்றரை ஷிப்ட் கிடையாது, ஒரு ஷிப்ட்தான். யாரையாவது நிறுத்தறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே நானே வந்து சொல்லிருவேன். அடுத்த சனிக்கிழமை இதே இடத்துல மறுபடி சொல்றேன்.”

தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர், “பொங்கலுக்கு ஊருக்குப் போனா திரும்பி வரலாமா மாஸ்டர்?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை தெரியும்.”

அந்த அக்கா தலையாட்டிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போனார். தெரியாது என்பதை அவ்வளவு நேராக ஒரு மேனேஜர் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனால் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வீட்டு வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் அந்தப் பங்கைத்தான் நம்பியிருப்பார்கள். சிலர் அடுத்த வாரமே கிளம்பிவிட்டார்கள். ஜனவரியில் சிலரை நிறுத்தவும் வேண்டியிருந்தது. சொன்னபடி இரண்டு வாரம் முன்னால் மாஸ்டரே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். டிசம்பரில் மத்திய அரசு ஏற்றுமதிக் கடனுக்கு 2 சதவீத வட்டிச் சலுகை கொடுத்தது, கம்பெனி கொஞ்சம் மூச்சு விட்டது. ஹோல்டில் இருந்த ஆர்டர் பிப்ரவரியில் குறைந்த விலைக்கு, குறைந்த பீஸுக்குத் திரும்பி வந்தது. ஆனால் அந்த முதல் சனிக்கிழமைக்குப் பிறகு நான் செக்கிங் டேபிள் வழியாகவே நடந்தேன். நடுராத்திரி விழிப்பும் குறைந்தது.

“தைரியமா இருங்க, எல்லாம் சரியாகிடும்” என்று அந்த நாட்களில் என்னிடம் பலர் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதனால் ஒரு ராத்திரிகூடத் தூக்கம் வந்ததில்லை. தவணை நிஜம், ஸ்கூல் ஃபீஸ் நிஜம். அவற்றை நினைத்துப் பயப்படுவது கோழைத்தனம் இல்லை. பயந்தவனுக்குத் தேவை தகவல், அப்புறம் அதைப் பேச ஓர் ஆள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்குக் கடைகள் அடைத்தபோது இன்னொன்று கற்றுக்கொண்டோம். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டத்தை 2018இல் தொடங்கியிருந்தார்கள். வேலை இழந்த தொழிலாளிக்கு 90 நாள் வரை உதவித்தொகை. 2020இல் அதைச் சராசரி ஊதியத்தின் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வாராவாரம் இ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்டவர்களில் நான் கேட்டவர்கள் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

2025இல் ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், 27 முதல் 50 சதவீதம் என்று கூடுதல் வரி வந்தபோது, இளைய மெர்ச்சன்டைசர்கள் ராத்திரி முழுக்க போனில் அமெரிக்கச் செய்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் டாய்லெட்டில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, என் மனைவி கேட்ட கேள்வியைத்தான் கேட்டேன். நோட்டு எடுத்து எழுத வைத்தேன். தூக்கம் ரொம்பக் கெட்டுப்போயிருந்ததால் மனநல உதவிக்கான அரசு போன் சேவை டெலி மானஸின் நம்பர் 14416ஐயும் கொடுத்தேன். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். முதலில் தயங்கினான், அப்புறம் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான்.

சனிக்கிழமை நான் கட்டிங் டேபிள் பக்கம் நின்று, அமெரிக்க ஆர்டர் எத்தனை வாரத்துக்கு இருக்கிறது, ஐரோப்பிய ஆர்டர் எத்தனை வாரத்துக்கு இருக்கிறது என்று தனித்தனியாகச் சொன்னேன். இப்போது ஒடிசா, பீகார் ஆட்களும் இருப்பதால் ஒரு சூப்பர்வைசர் இந்தியிலும் சொன்னார்.

பையர் ஆடிட்டுக்காகக் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், புகார் சொல்ல வேண்டிய நம்பர் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் கையில் இருக்கும் ஆர்டர் இத்தனை வாரத்துக்கு வரும் என்று ஒரு தாள் ஒட்ட அரைமணி நேரம்கூட ஆகாது. தெரிந்த முதலாளிகளிடம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் ஒட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஆள் போய்விடும் என்கிறார்கள். அவர்களிடம் மாஸ்டர் சொன்னதைச் சொல்கிறேன்.