நீட்டு ஓட்டத்துக்கு பைக் டயர் எடுக்கக்குள்ள

பஜாஜ் அவெஞ்சர் பைக் வச்சிருக்கிற கூட்டாளிமார் ரெண்டு மூணு பேர் ஒரே கேள்விய மாறி மாறி கேட்டுட்டாங்க, பின் டயர் எங்க எடுக்கிற, எது நல்லம், 140 போடலாமா எண்டு. ஒவ்வொருத்தனுக்கும் வாய்ஸ் போட்டு எனக்கு தொண்டை வத்திட்டு, அதால இதில ஒரேயடியா எழுதிவிடுறன். வேற பைக் வச்சிருக்கிற ஆக்களுக்கும் முக்காவாசி பொருந்தும், சைஸ் மட்டும் உங்கட பைக்குக்கு ஏத்த மாதிரி பாத்துக்கொள்ளுங்க.

முதல்ல சைஸ். அவெஞ்சர் 220 குரூஸுக்கு முன்னுக்கு 90/90-17, பின்னுக்கு 130/90-15. தலையிடியே அந்த 15 தான். நம்மட மட்டக்களப்புப் பக்கம் ஓடுற பல்சர், எப்செட், ஹோர்னெட் எல்லாம் 17 இஞ்சி றிம், அதால டயர் கடைக்காரர் 17 அடுக்கி வச்சிருப்பாங்க, 18உம் இருக்கும், ஸ்கூட்டிக்கு 10உம் 12உம் இருக்கும், 15 எண்டு கேட்டா மேல பரண பாத்து யோசிப்பாங்க. காத்தான்குடியில ஒரு கடையில கேட்டதுக்கு நானா சொன்னார், "தம்பி அந்த அளவு இப்ப வாறல்ல, 140/90 ஒண்டு இரிக்கு, அத போடுங்களன், பாக்கவும் கெத்தா இரிக்கும்" எண்டு. கெத்தா தான் இருக்கும். ஆனா அந்த நம்பர கொஞ்சம் பிரிச்சு பாருங்க. 130 எண்டது டயர்ட அகலம் மில்லிமீட்டர்ல, 90 எண்டது அந்த அகலத்தில நூத்துக்கு தொண்ணூறு உயரம், அப்ப 117 மில்லிமீட்டர். 140/90 எண்டா உயரம் 126. ஒரு பக்கத்துக்கு 9 மில்லிமீட்டர் கூடுது, சக்கரம் மொத்தமா பெருக்குது, கியர் இழுவை கொஞ்சம் மந்தமாகுது, மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவில இருக்கிற இடைவெளி குறையுது, மாரியில படுவான்கரைப் பக்கம் போய் வந்தா அந்த இடைவெளிக்குள்ள களி அடைச்சு சக்கரம் இறுகும். அதுக்கு மேல, 130க்கு செஞ்ச றிம்முல அத விட பெரிச ஏத்தினா டயர்ட ரெண்டு ஓரமும் உள்ளுக்கு இழுபட்டு நடு கூராகுது, நிலத்தில படுற இடம் கூடும் எண்டு நினைச்சு போடுறம், கடைசில வளைவில சரிக்கக்குள்ள பைக் நினைச்ச இடத்தில நிக்காது. பல்சர் 150க்கு 140 போட்டுட்டு திரியிற பொடியனுகள் கல்லடிப் பாலத்தில நேரா போகக்குள்ள நல்லாத்தான் இருக்கும், பதுளை ஏத்தத்தில கேட்டு பாருங்க.

கம்பனி போட்டுத் தந்த சைஸ மாத்தாதீங்க, அவ்வளவுதான்.

சைஸுக்கு பக்கத்தில 66பி எண்டு ஒண்டு இருக்கும், அத ஒருத்தரும் பாக்கிறதில்ல. 66 எண்டா அந்த டயர் தாங்கக்கூடிய பாரம் 300 கிலோ, பி எண்டா மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். அவெஞ்சர் தனிய 155 கிலோ மட்டில வரும், அதுக்கு மேல நான், வீட்டுக்காரி, ரெண்டு பக்கமும் பேக், பின்னுக்கு டேங்க் பேக்குல இடம் காணாம கட்டின ரெயின்கோட், தண்ணிப் போத்தல், போற ஊர்ல இருக்கிற மாமிக்கு குடுக்கிற கருவாடு. இதுல பாதிக்கு மேல பின் டயர்ல தான் இறங்குது. அதனால பாரம் இலக்கம் குறைஞ்ச டயர மலிவா தந்தாலும் எடுக்கக்கூடாது. வேகம் எழுத்துக்கு கூட காசு குடுக்க தேவையில்ல, நம்மட றோட்டுல 220 சிசியில யார் 150ல போகப்போறா, மாடு நிக்குது.

அடுத்தது தான் நான் கடையில நிண்டு சண்டை பிடிக்கிற விசயம், திகதி. டயர்ட பக்கத்தில ஒரு முட்டை வடிவ கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், பின் ரெண்டு வருசம். 2319 எண்டு இருந்தா 2019ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. ஓடாத சைஸ் எண்டா கடையில கன வருசம் தூங்கும், அவெஞ்சர்ட 15 கட்டாயம் தூங்கும். கடைக்கு வெளியில கம்பியில தொங்க விட்டிருக்கிற டயருக்கு நம்மட வெயில் போதும், கச்சான் காத்து காலத்தில ரெண்டு மாசம் தொங்கினாலே றப்பர் இறுகும். ஒரு கடையில பொடியன் ஈரத் துணியால துடைச்சு பளபளப்பா தந்தான், நான் திகதிய தேட அந்த பக்கத்த கையால மறைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்த காட்டுறான். வாங்கி வெளிச்சத்துக்கு கொண்டு போய் டயர்ட மேல இருக்கிற வெட்டுக்குள்ள பெருவிரலால அமத்தி விரிச்சு பாத்தன், அடியில மயிர் மாதிரி சின்னச் சின்ன வெடிப்பு. நகத்தால அமத்தினா புது றப்பர்ல தடம் விழுந்து மெதுவா எழும்பும், இதுல நகம் தான் வழுக்குது. வெட்டு முழுசா இருக்கு, ஒரு மைல் கூட ஓடல்ல, ஆனா டயர் செத்துட்டு. நான் ரெண்டு வருசத்துக்கு மேல போனா எடுக்கிறதில்ல, இது என்ட கணக்கு, சில பேர் மூணு நாலு வரைக்கும் போவாங்க.

இனி எந்த மாதிரி டயர். இதுக்கு நாம எங்க ஓடுறம் எண்டு பாக்கணும். மட்டக்களப்பில இருந்து எந்த நீட்டு ஓட்டத்த எடுத்தாலும் முதல் பாதி நேர் றோட்டு. வாழைச்சேனை தாண்டி புணானை வெலிக்கந்த பக்கம் போனா கைய விட்டாலும் பைக் நேரா போகும் (விடாதீங்க, யானை நிக்கும்), பொத்துவில் பக்கம் போனாலும் அக்கரைப்பத்து தாண்டி அப்பிடித்தான். அந்த சூட்டு தார்ல பாரத்தோட நேராவே ஓட ஓட பின் டயர்ட நடு மட்டும் தேஞ்சு பலகை மாதிரி தட்டையாகுது, ரெண்டு ஓரமும் புதுசா நிக்கும். பிறகு செங்கலடியால ஏறி மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை கடந்து ஹசலக்கையில 18 வளைவு மலை றோட்டுக்கு போகக்குள்ள தான் அந்த தட்டைட குணம் தெரியும். சரிக்கிறம், சரியாது, இன்னும் சரிக்கிறம், தட்டைட விளிம்புக்கு வந்ததும் பைக் டக்கெண்டு விழப் பாக்கும். பின்னுக்கு இருக்கிற ஆளுக்கும் அது தெரியும், தோள்ல கை இறுகும். வெட்டு இன்னும் இருக்கு, வெட்டுக்குள்ள இருக்கிற தேய்மான அடையாளக் கட்டை வரைக்கும் வரல்லதானே எண்டு கனபேர் இழுப்பாங்க, நீட்டு ஓட்டம் போற பைக்குக்கு நடு தட்டையானா மாத்த வேண்டியதுதான், டவுனுக்குள்ள ஓடுறதெண்டா இன்னும் கொஞ்சம் ஓடலாம்.

அதால பின்னுக்கு மெதுமையான றப்பர் டயருக்கு நான் ஆள் இல்ல. ஒட்டும், நல்லா ஒட்டும், ஆனா நம்மட வெயில்ல கெதியா கரையும். கொஞ்சம் இறுக்கமான, நடுவில வெட்டு குறைஞ்ச, பாரம் தாங்குற சாதாரண நைலோன் டயர் போதும், 19 குதிரை வலு மட்டில இருக்கிற இஞ்சினுக்கு அதுக்கு மேல என்னத்துக்கு. காசு இருந்தா முன்னுக்கு போடுங்க. மழையில பிறேக் பிடிக்கக்குள்ள பாரம் முழுக்க முன்னுக்கு தான் வருது, பின் டயர் வழுக்கினா பிடிச்சு எடுக்கலாம், முன் டயர் வழுக்கினா நிலத்தில தான். நல்ல காலத்துக்கு அவெஞ்சர்ட முன் சைஸும் பல்சர் 220ட முன் சைஸும் ஒண்டுதான், 90/90-17, எல்லா கம்பனியிலயும் கிடைக்கும், தெரிவு செய்ய இடம் இருக்கு. கார்த்திகை மார்கழியில ஓடுற ஆக்கள் தண்ணிய ஓரத்துக்கு தள்ளுற மாதிரி ஆழமான சரிஞ்ச வெட்டு இருக்கிறதா பாத்து எடுங்க.

கம்பனி பேரெண்டா, களனியில செய்யிற சியெட் இருக்கு, இந்தியால இருந்து வாற எம்ஆர்எப், டிவிஎஸ் இருக்கு, மிச்செலின், பிரெல்லி, மெட்ஸலர் எண்டு மேல போகலாம். மட்டக்களப்பு, கல்முனையில இல்லாட்டி கொழும்பில வாகன சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு சொல்லி பஸ்ஸில போட வைக்கலாம், ஆனா அனுப்ப முதல் அந்த நாலு இலக்கத்தையும் வெடிப்பில்லாத பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்சப்புல போட சொல்லுங்க, காசு அதுக்கு பிறகு. கொத்துக் கொத்தா பல்லு வச்ச காட்டு டயர் போட சில பேருக்கு ஆசை, உன்னிச்சைப் பக்கம் கிரவல் றோட்டுல நல்லம் எண்டு. போற வழியில கிரவல் எத்தனை கிலோமீட்டர், தார் எத்தனை கிலோமீட்டர் எண்டு பாத்துட்டு சொல்லுங்க மச்சான். தார்ல அது இரையும், கெதியா முடியும், ஈரத்தில பிறேக்கும் நீளும்.

குரூஸுக்கு கம்பி றிம், அப்ப டியூப் கட்டாயம். புது டயருக்கு பழைய டியூப போடுறது பெரிய மிச்சம் இல்ல, பழசு விரிஞ்சு போய் இருக்கும், புதுசுக்குள்ள மடிஞ்சு அந்த மடிப்பில ஓட்டை விழும். றிம்முக்குள்ள ஓடுற றப்பர் பட்டியும் பாருங்க, கம்பி முனை டியூபுல குத்தாம இருக்கிறது அதாலதான். பூட்டக்குள்ள பக்கத்தில நில்லுங்க, டீ குடிக்க போகாதீங்க. உள்ளுக்கு பவுடர் தூவி, டியூபுக்கு கொஞ்சமா காத்து விட்டு உருட்டி வச்சிட்டு, சவுக்காரத் தண்ணி பூசி லீவரால ஏத்தணும், கடைசி சாண் அளவு இறுக்கமா வரக்குள்ள தான் அவசரத்தில லீவர் டியூப கடிக்கும். அம்புக்குறி சக்கரம் சுத்துற பக்கம் நிக்குதா, மஞ்சள் பொட்டு இருந்தா வால்வுக்கு நேர நிக்குதா எண்டும் பாருங்க. காத்து ஏற ஏற டப் டப்பெண்டு ஓரம் உக்காரும், உக்காந்த பிறகு றிம்ம ஒட்டி ஓடுற அந்த மெல்லிய கோடு சுத்திவர ஒரே அளவா தெரியணும், ஒரு இடத்தில உள்ளுக்கு போய் இருந்தா காத்த இறக்கி திரும்ப செய்ய சொல்லுங்க, முகத்த சுளிப்பாங்க, பரவால்ல. சக்கரம் கழட்டின நேரம் பின் பிறேக் கட்டையையும் பெயரிங்கையும் பாத்துட்டு, தளர்ந்த கம்பிய இறுக்க சொன்னா வேலை ஒண்டா முடியும்.

புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் மட்டும் வழுக்கும், மேல ஒரு மினுக்கம் இருக்கும், அது போகும் வரைக்கும் ஆறுதலா ஓடுங்க, பூட்டின அண்டைக்கே ஆள ஏத்திக்கொண்டு மலைக்கு வெளிக்கிடாதீங்க. டயர்ட காத்த காலையில வெளிக்கிட முதல் குளிர்ல தான் அளக்கணும், அளவு பைக்கோட வந்த புத்தகத்தில இருக்கு, தனியவும் ரெண்டு பேரோடயும் வேற வேற. பொலன்னறுவைல பெற்றோல் செட்டுக்கு விட்டு அளந்தா சூட்டுல கூட காட்டும், அத பாத்து இறக்கிவிட்டா திரும்பி வரக்குள்ள காத்து குறைஞ்ச டயர்ல ஓடுவீங்க.

பழைய டயர கடையிலயே விட்டுட்டு வாங்க. பூ வளக்கலாம், ஊஞ்சல் கட்டலாம் எண்டு வீட்ட கொண்டு போனா ரெண்டு மழைக்கு தண்ணி தேங்கி டெங்கு நுளம்பு முட்டை போடும், பீஎச்ஐ (பொது சுகாதார பரிசோதகர்) வந்து பாத்தா டயர் வாங்கின காசோட தண்டமும் சேரும்.