டயாலிசிஸ் படுக்கையில் வைத்த பரீட்சை

அப்பாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று எழுதிக் கொடுத்த தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். முக்கால் லிட்டர் பாட்டிலை அம்மா காலையில் நிரப்பித் தருவார். அன்றைக்கு அவ்வளவுதான் தண்ணீர். சில மாதங்களாக அது தீர்ந்ததும் அப்பாவே போய் மறுபடி நிரப்பிக் குடிக்கத் தொடங்கினார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை நான்கு கிலோ ஏறியது. "நாக்கைக் கட்டத் தெரியாதா பெரியவரே?" என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார். நானும் வீட்டில் திட்டினேன்.

மாத்திரைக் கணக்கும் குழம்பியபோதுதான் நினைவாற்றல் சோதனை வேண்டும் என்று கேட்டேன். உடனே வைத்துவிட்டார்கள், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது மணி நேரத்தில்! இடது கையில் ஊசி, ரத்த அழுத்தம் இறங்கிக் கிறக்கம். கண்ணாடி வெளியே என் பையில், காது மிஷின் அவர் சட்டைப் பையில். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு பையன் வாய்க்கு வந்தபடி தமிழில் சொல்லிக் கேட்டான். முப்பதுக்குப் பதினொன்று. எந்த நிலையில் வைத்த சோதனை என்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. டயாலிசிஸ் ஓடும்போது மூளைக்குப் போகும் ரத்தம் குறையும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வேறு ஊரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். மனநல உளவியலாளர் சனிக்கிழமை வருவார் என்று கவுன்டரில் சொன்னதை நம்பிப் போய், பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பினோம். அவர் வருவது செவ்வாய்க்கிழமையாம். போகும் முன் அந்தப் பிரிவுக்கே போன் செய்து கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாள் அலைச்சல் சாதாரணமில்லை.

அந்த மருத்துவர் சோதனைத் தாளைத் தொடவே இல்லை. முதலில் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பச் சொன்னார். கால் எரிச்சலுக்காக வேறொருவர் எழுதிய கபாபென்டின், ஒரு நாளைக்கு மூன்று வேளை. சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டிய மருந்து அது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உடம்பிலேயே தங்கி மந்தமாக்கிவிடும். சிறுநீரக மருத்துவரிடம் பேசி அளவைக் குறைத்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார். மனச்சோர்வு பற்றியும் தூக்கம் பற்றியும் கேட்டார். மூன்று வாரம் கழித்து, டயாலிசிஸுக்கு மறுநாள் காலையில், கண்ணாடியும் காது மிஷினும் போட்டுக்கொண்டு, மொகா என்ற, நினைவையும் கவனத்தையும் பார்க்கும் முப்பது மதிப்பெண் சோதனையின் தமிழ் வடிவம்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை அப்பா சில்லறை எண்ணுவது போலச் சொல்லி முடித்தார். ஐந்து சொற்களில் நான்கு நினைவிருந்தது. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். வட்டமும் எண்களும் அழகாக விழுந்தன. சின்ன முள்ளைப் பதினொன்றில் வைத்தார், பெரிய முள்ளைப் பத்தில் வைத்தார். இரண்டில் அல்லவா வைக்க வேண்டும்! பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

இருபத்தொன்று. எட்டாம் வகுப்புப் படிப்பு என்பதால் ஒன்று கூட்டி இருபத்திரண்டு. வழக்கமாக 26 வேண்டும். ஆகவே கோளாறு இருப்பது உண்மை. ஆனால் பதினொன்று இல்லை. சிறுநீரக நோயில் மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் கெடுவதால், நினைவைவிடத் திட்டமிடுவதும் கவனம் வைப்பதும் தன்னை நிறுத்திக்கொள்வதும்தான் பலருக்கு முதலில் அடிபடும் என்று விளக்கினார்கள். பேராசையால் குடிக்கிறார் என்று நாங்கள் திட்டித் தீர்த்த அந்தத் தண்ணீருக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

இப்போது ஒரு பெரிய பாட்டில் கிடையாது. ஐந்து சின்ன பாட்டில், ஒவ்வொன்றிலும் 150 மில்லி. குடித்ததை மேசையில் படுக்க வைத்துவிடுவார், நிற்பதுதான் மிச்சம். போன வெள்ளிக்கிழமை ஏறியிருந்தது இரண்டரைக் கிலோ.