விமானி உரிமத் தேர்வுக்கு விபத்து அறிக்கைகளைப் படித்த விதம்

தனியார் விமானி உரிமத்தின் எழுத்துத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் காற்றியக்கவியல், வானிலை, மனிதச் செயல்திறன் என்று பாடங்களைத் தனித்தனியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறொரு முறை. பயிற்சி மாணவர் சிறு விமானத்தைத் தரையிறக்கியபோது நேர்ந்த விபத்தின் விசாரணை அறிக்கையை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு கட்டத்திற்கும் எந்தப் பாடத்தில் விளக்கம் இருக்கிறது என்று தேடிப் படித்தேன். நம் சிங்கப்பூரின் போக்குவரத்து அமைச்சும் ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பும் இத்தகைய அறிக்கைகளை இணையத்தில் வெளியிடுகின்றன. விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று, விபத்தைத் தடுப்பதே என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு கூறுவதால், அவற்றை வம்புக் கதையாக வாசிக்கவும் இடமில்லை.

இவ்வகை விபத்துகள் பலவற்றின் போக்கு ஒன்றுபோலவே இருக்கும். விமானம் தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடுபாதைக்கு வருகிறது. தரையை நெருங்கியதும் தரை விளைவால், அதாவது தரையை ஒட்டிப் பறக்கும்போது இறக்கைகளின் இழுவை குறைவதால், இறங்காமல் மிதக்கிறது. பொறுமையிழந்த மாணவர் கட்டுப்பாட்டை முன்னே தள்ள, மூக்குச் சக்கரம் முதலில் மோதி விமானம் எம்புகிறது. அவர் மீண்டும் தள்ளுகிறார். கையின் அசைவுக்கும் விமானத்தின் பதிலுக்கும் இடையே சிறு தாமதம் இருப்பதால், திருத்தம் ஒவ்வொன்றும் தவறான தருணத்தில் போய்ச் சேர்ந்து அடுத்த குதிப்பை இன்னும் மோசமாக்குகிறது. முடிவில் மூக்குச் சக்கரத்தின் தாங்கி முறிந்து, முன்பக்கச் சுழலி (புரொப்பெல்லர்) தரையில் உரசுகிறது.

இதில் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்துக்குப் பதில் 75 நாட் வேகத்தில் வந்தால் பத்து நாட்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு விமானம் ஏன் மிதக்கிறது என்பது மறக்காது.

பக்கக்காற்றையும் இதே வழியில் படிக்கலாம். சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் 03/21 எனத் திசையெண் கொண்ட ஓடுபாதை வடகிழக்குப் பருவக்காற்றின் திசையை ஒட்டி அமைந்திருப்பதால், அந்தப் பாடத்தைச் சிலர் மேலோட்டமாகப் புரட்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கையேட்டில் வரும் 15 நாட் பக்கக்காற்று என்பது சோதனையில் செய்துகாட்டப்பட்ட அளவு. விமானத்தின் உச்ச வரம்பும் அன்று, மாணவருக்கான அனுமதியும் அன்று. மாணவரின் வரம்பைப் பயிற்றுநரே வகுப்பார்.

வாய்மொழித் தேர்வுக்கு முக்கியமானது, குதித்த விமானத்தை மீண்டும் மேலேற்றும் வரிசை: முழு விசை, மூக்கு தேவைக்குமேல் நிமிராமலும் இடப்பக்கம் திரும்பாமலும் பிடித்தல், பிறகு இறக்கைகளின் பின்விளிம்பில் இறக்கிவைத்த மடிப்புகளைப் படிப்படியாக உயர்த்துதல். மடிப்புகளை ஒரே மூச்சில் உயர்த்தினால் விமானம் திடீரென்று தாழ்ந்துவிடும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை நாற்காலியில் அமர்ந்து, கைகால்களை அசைத்தபடியே உரக்கச் சொல்லிப் பழகுவது நல்லது. வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.