அக்கரைப்பேட்டையில் ‘அபூர்வ’ கிளாத்தி: நிறத்தை விடுங்கள், கன்னத்தைப் பாருங்கள்

நாகப்பட்டினம் பேருந்து நிலையத்திலிருந்து அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோவில் இருநூறு ரூபாய். பகலில் இதில் பாதிகூடக் கொடுக்கத் தேவையில்லாத தூரம். விடியற்காலையில் வேறு வண்டி கிடையாது என்பது ஆட்டோக்காரருக்கு நன்றாகவே தெரியும். பேரம் பேசினால் ஏலம் முடிந்துவிடும். ஏலம் முடிந்தால் கிளாத்தி (டிரிகர்ஃபிஷ்) மீனெல்லாம் கழிசல் கூடையோடு லாரி ஏறிவிடும். கொடுத்துவிட்டு ஏறுங்கள். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் வந்து கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் வாட்ஸாப்பில் சுற்றிய ஒரு மங்கலான படம். “ஆழ்கடல் பாரில் வாழும் அபூர்வக் கிளாத்தி சிக்கியது” என்ற தலைப்பு வேறு. இப்படிப் படம் போடுகிறவர்கள் மீனின் கன்னத்தையும் வால் அடியையும் தெளிவாக எடுத்திருந்தால் பாதிப் பேருக்குப் பயணச் செலவு மிச்சம்.

தேடிப் போகிற மீன் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆழமான பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், வாழும் கிளாத்திகளில் பெயர்பெற்றது சாந்திக்தீஸ் பேரினம். அதில் கேருலியோலினியேட்டஸ் என்ற இனம் 1978இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. சுமார் 75 முதல் 200 மீட்டர் ஆழத்தில் இருப்பது, பக்கவாட்டில் ஒரு நீலக் கோடு ஓடும். கிரீனியை என்ற இன்னொன்று பசிபிக்கில் கிரிட்டிமாட்டித் தீவருகே பிடிபட்டு 2013இல் விவரிக்கப்பட்டது. நம் டெல்டாக் கரைக்கு வெளியே இருப்பது ஆறுகள் கொட்டிய சேறும் மணலும். பார் மீன் இங்கே இறங்கினால் படகு வெகுதூரம் போயிருக்க வேண்டும். அதனால் மீனைத் தொடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி: “அண்ணே, எத்தனை பாகத்துல வலை போட்டீங்க? சேறா, பாரா?” ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். 40 பாகத்துக்குக் குறைவான சேற்றுத் தரை என்று பதில் வந்தால் அபூர்வத்தை மறந்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். “கிளாத்தியப் போயி படம் புடிக்கிறீங்களே தம்பி” என்று சிரிப்பார்கள். ஆனாலும் ஆழத்தைச் சரியாகச் சொல்வார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். ஐஸில் கிடந்த சில மணி நேரத்தில் நீலம் கறுத்துவிடும், மஞ்சள் வெளுத்துவிடும், அந்த நீலக் கோடு அறவே மறைந்தும் போகலாம். எலும்பும் செதிலும்தான் மாறாதவை.

கையில் எடுத்ததும் முதுகின் முதல் முள்ளை நிமிர்த்துங்கள். நிமிர்ந்தபடி பூட்டிக்கொள்ளும். முன்முள்ளைப் பிடித்து எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. பின்னாலிருக்கும் இரண்டாம் சிறு முள்ளை அழுத்தினால் துப்பாக்கி விசை போலச் சட்டென்று மடங்கும். இப்படி நடந்தால் கிளாத்திக் குடும்பம். ஒரே ஒரு நீண்ட முள் மட்டும் எழுந்து நின்று, தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று, செதில் கண்ணுக்கே தெரியாமல் இருந்தால் அது பக்கத்துக் குடும்பம் (ஃபைல்ஃபிஷ்). கிளாத்தியின் செதில் தகடு தகடாக, தரை ஓடு பதித்தாற்போல் இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, வாயைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தாடையிலும் வெளிவரிசைப் பற்கள் எட்டு இருந்தால் கிளாத்தி, ஆறோ அதற்குக் குறைவோ என்றால் மற்றது. உயிரோடு துடிக்கும் மீனின் வாயில் விரல் விடாதீர்கள். நண்டு ஓட்டை உடைக்கிற பல் அது.

அடுத்தது கன்னம். சாந்திக்தீஸுக்குக் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே கன்னத்தில் கிடைக்கோடாகச் சில பள்ளங்கள் ஓடும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து தெளிவாகும். நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒன்றுமே தெரியாது. வாட்ஸாப் படத்தின் கோளாறே அதுதான். சூடோபலிஸ்டெஸ் போன்ற வேறு கிளாத்திகளுக்கும் கன்னப் பள்ளம் உண்டு என்பதால் இதோடு நிறுத்தக்கூடாது. சாந்திக்தீஸின் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டிச் சற்று முன்தள்ளி, வாய் மேல்நோக்கி இருக்கும்.

இங்கேதான் கருங்கிளாத்தி குழப்பும். ஓடோனஸ் நைஜர் என்ற அந்த மீனுக்கும் வாய் மேல்நோக்கியதுதான். ஆனால் அதன் பற்கள் சிவப்பு, வால் பிறை வடிவில் இரு முனையும் நீண்டிருக்கும். முதுகின் இரண்டாம் துடுப்பில் மென்கதிர்களை (துடுப்பைத் தாங்கும் வளையக்கூடிய கதிர்களை) எண்ணினால் 33 முதல் 36. சாந்திக்தீஸில் பொதுவாக 32ஐத் தாண்டாது. எண்ணும்போது துடுப்பை விரித்து, பின்னால் வெளிச்சம் வைத்து, குண்டூசியால் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். கடைசி இரண்டு கதிரும் நெருங்கியே இருக்கும், பலர் தவறவிடுவது அங்கேதான்.

அக்கரைப்பேட்டையில் கூடையிலிருந்த ‘அபூர்வம்’ வால் அடியிலேயே குட்டு உடைந்தது. வாலுக்கு முந்தைய தண்டு உயரத்தைவிட அகலம் அதிகமாக, மேலிருந்து அமுக்கியது போலத் தட்டையாக இருந்தால் அது அபலிஸ்டெஸ். மென்கதிர் 25 முதல் 27, முதுகில் வெளிறிய திட்டுகள், உடம்பெல்லாம் சிறு புள்ளிகள்: ஸ்டெல்லாட்டஸ். சேற்று மணலிலேயே வாழும் மீன், இங்கே இறங்குவதில் எந்த வியப்பும் இல்லை.

நிஜமாகவே பள்ளமுள்ள கன்னத்தோடு ஒன்று கிடைத்தால் அவசரப்பட்டு ஃபார்மலினில் (மீனைக் கெடாமல் பதப்படுத்தும் ரசாயனம்) போட்டுவிடாதீர்கள். முதலில் தலை இடப்பக்கம் இருக்கும்படி வைத்து, அளவுகோலோடு படம். பிறகு வலப்பக்கத்துச் சதையில் பட்டாணி அளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் பட்ட சதையில் டிஎன்ஏ சிதைந்துவிடும். அதன் பிறகுதான் முழு மீன் ஃபார்மலினுக்கு: கடையில் விற்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. வயிற்றைச் சிறிது கீறிவிடாவிட்டால் உள்ளே அழுகும். இந்த வேலையை ஏலக் கூடத்தில் செய்யாதீர்கள். மீன் விற்கும் இடத்தில் ஃபார்மலின் பாட்டிலோடு நின்றால் அடி விழும், விழுவதும் நியாயம்தான். நாகையிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

செலவு நொந்த மனத்துக்கு நாகூர் வாடா மருந்து. அரிசி மாவைத் தட்டி, மேலே இறால் பதித்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தது. சூடாக இரண்டு தின்றால் மதியச் சாப்பாட்டுச் செலவு இல்லை. தர்கா பக்கம் கேட்டால் கடையைக் காட்டுவார்கள். ஆறிப்போனதை மட்டும் வாங்காதீர்கள், தோல் மாதிரி இழுக்கும்.

நேரம் இருந்தால் தரங்கம்பாடி வரை போகலாம். கோட்டைக்காக மட்டுமல்ல. அங்கிருந்த பாதிரியார் ஜான் பெர்லினிலிருந்த மீனியல் அறிஞர் மார்கஸ் பிளாக்குக்கு மீன்களை அனுப்பியவர். கத்தாளையின் ஜானியஸ் பேரினம் அவர் பெயரால் வந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது போய் நின்றால் ஆழக்கடல் மீன் எதுவும் இறங்காது. மற்ற மாதங்களில் முதல் நாள் இரவே நாகையில் மலிவான அறை எடுத்து, ஆட்டோக்காரரிடம் மாலையிலேயே கூலி பேசி வைத்துவிடுங்கள். விடிகாலையில் பேசினால் இருநூறுதான்.