பால் கட்டிக்கொண்டால் வெந்நீரை நம்பாதீர்கள்

பால் கட்டுவது பெரும்பாலும் பிரசவமாகி 3-லிருந்து 5 நாளுக்குள். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. எங்களுக்குக் கொடுத்த தாளில் தடுப்பூசித் தேதிகள் எல்லாம் இருந்தன. பால் கட்டினால் என்ன செய்வதென்று ஒரு வரி இல்லை. போனில் கேட்டால், "வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நல்லா அமுக்கி விடுங்க, பம்ப் போடுங்க" என்றார்கள். மூன்றுமே வீக்கத்தைக் கூட்டின. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மார்பு இறுகுவதற்குப் பால் தேங்குவது மட்டும் காரணமில்லை. ரத்த ஓட்டம் கூடி, உள்ளே நீரும் கோத்துக்கொள்கிறது. சிசேரியனில் டிரிப்ஸ் நிறைய ஏறியிருந்தால் இன்னும் மோசம். அதை அழுத்தித் தேய்த்தால் திசு காயப்படும். பம்பை முழு வேகத்தில் வைத்தால் முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் வீங்கி, குழந்தையால் கவ்வவே முடியாது. அடிக்கடி பீய்ச்சினால் பால் மேலும் சுரக்கும்.

கைகொடுத்தது குளிர்ச்சிதான். பால் கொடுத்த பிறகு, ஐஸைப் பருத்தித் துணியில் சுற்றி 10–15 நிமிடம். "பச்சை உடம்புக்கு ஆகாது" என்று வீட்டில் எதிர்ப்பு வரும். "வீங்கின இடத்துக்கு மட்டும்தான் அத்தே" என்று சொல்லிப் பாருங்கள். ஐஸ் வேண்டாமென்றால் முட்டைக்கோஸ் இலை. உப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, நடுநரம்பைச் சீவி, முலைக்காம்பை மட்டும் விட்டு மார்பில் 20 நிமிடம் வையுங்கள். சென்னை வெயிலுக்கு இலை சீக்கிரம் துவண்டுவிடும், இன்னொரு ஜோடி தயாராக இருக்கட்டும். காம்பில் வெடிப்பு இருந்தால் இலை வேண்டாம். இறுக்கம் தளர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் பால் குறையக்கூடும்.

வெதுவெதுப்பான துணி, பால் கொடுப்பதற்குச் சற்றுமுன் 2 நிமிடம் போதும்.

குழந்தை கவ்வ முடியாமல் அழுகிறதா? மல்லாந்து சாய்ந்து, காம்பைச் சுற்றி இரு கை விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். விரல்களை இடம் மாற்றி இன்னொரு முறை. கருவளையம் மெத்தென்று ஆனதும் உடனே வாயில் கொடுங்கள். இந்த ஒன்றை வார்டிலேயே சொல்லியிருந்தால் இரண்டு ராத்திரி அழுகை மிச்சமாகியிருக்கும். அதன்பின் இரவும் சேர்த்து நாளுக்கு 8–12 முறை ஊட்டுங்கள்.

மல்லிகைச் சரம் வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்றவைக்கும் வைத்தியம். பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-லேயே ஆய்வு வந்திருக்கிறது. பால் கொடுக்கப்போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணீர் தர மறுப்பதாலும் வீக்கம் வடியாது. பூண்டுப் பால், சுறாப்புட்டு எல்லாம் வீக்கம் வடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பக்கம் மட்டும் சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்து 100.4 டிகிரியைத் தாண்டினால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். அந்தப் பக்கமும் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது.